பள்ளிக்கூட வண்டிக்கு ஒரு பூட்டு

"வண்டியில வர்ற புள்ளைங்க காலுல சேறு எப்பிடிப்பா வரும்?"

சுப்பராயலு வாத்தியார் இப்படிக் கேட்டதும் கண்ணையனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவர் விரல் நீட்டிய பக்கம் பார்த்தான். கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

காலையில்தான் கழுவிவிட்ட பாகூர்ப் பள்ளிக்கூடத் தரை. வாசலிலிருந்து கரும்பலகை வரைக்கும் குட்டிக் குட்டியாகச் சேற்றுக் கால்கள் பதிந்திருந்தன. பாகூர்ப் பிள்ளைகளின் கால்கள் இல்லை. அத்தனையும் குருவிநத்தத்துக் கால்கள், அதாவது கண்ணையன் வண்டியில் சொகுசாக வந்து இறங்கிய கால்கள்.

"அய்யா, வாசலாண்டதான் வண்டிய நிறுத்தி எறக்கிவுட்டேன். நீங்களும்தான பாத்தீங்க."

"பாத்தேன். எறங்கும்போதே முட்டி வரைக்கும் சேறு. வழியில எறங்கி நடந்திருக்குதுங்க."

"சத்தியமா ஒரு புள்ள எறங்கலீங்க."

"அப்ப சேறு ஏறி வந்துதா வண்டியில?"

கண்ணையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டான். பதில் இல்லாதபோது அவன் செய்கிற காரியம் அது.

விஷயம் சாதாரணமானதில்லை. போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பிள்ளை வரப்பில் வழுக்கி வாய்க்காலில் விழுந்து, தலைமயிரைப் பிடித்துத் தூக்கும்படி ஆகிவிட்டது. அன்றோடு குருவிநத்தத்துத் தாய்மார் ஒருத்தி பாக்கியில்லாமல் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஊரில் பெரிய பண்ணைக்காரரான சிவப்பிரகாசம்தான் முன்வந்து தம்முடைய கூண்டு வண்டியையும் காளைகளையும் பள்ளிக்கூடத்துக்கென்று விட்டார். ஓட்டுவதற்குக் கண்ணையனைப் போட்டார். ஒரே ஒரு கட்டளை இட்டார்.

"வூட்டு வாசப்படியில ஏறுன காலு பள்ளிக்கூட வாசப்படியிலதான் எறங்கணும். நடுவுல தரையத் தொடக்கூடாது. தெரிஞ்சிதா?"

கண்ணையன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். தினமும் வண்டி பூட்டுமுன் அச்சாணியை ஆட்டிப் பார்ப்பான். சக்கரம் கிறீச்சிடாதபடி வண்டிமை போடுவான். வைக்கோல் மெத்தையில் முள் கிடக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவான். ராத்திரியெல்லாம் அதே பண்ணையின் கரும்புத் தோட்டத்தில் நரி விரட்டிவிட்டு, விடிந்ததும் கூழைக் குடித்துவிட்டு நேராக வண்டிக்கு வந்துவிடுகிற மனுஷன் அவன். ஒரு நாள் லீவு போட்டதில்லை. கரும்புக் காவல் வயிற்றுக்கு. வண்டி அப்படியில்லை. "பள்ளிக்கூட வண்டிக்காரரு" என்று ஊர் கூப்பிடுகிறபோது அவன் நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும்.

"என் வண்டி ஓடுறதே தெரியாது," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். "பனந்தோப்பத் தாண்டுனா பாகூருதான். நடுவுல வழின்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது. மாடுங்க அப்பிடி."

அப்பேர்ப்பட்ட வண்டிக்குத்தான் இந்தக் கெட்ட பெயர். வாத்தியார் சொன்னது அன்று சாயங்காலமே சிவப்பிரகாசத்தின் காதுக்குப் போய்விட்டது.

"கண்ணையா, கிருமாம்பாக்கத்து நடேசன் கடலூர் ரோட்டுல மோட்டார் வுடுறான், தெரியும் இல்ல? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள நான் ஏத்திக்கிறேன்னு அவன் என்ன நச்சரிச்சிக்கினு இருக்கிறான். இன்னொரு தபா சேறுன்னு என் காதுல வுழுந்துது, அவன வரச் சொல்லிடுவேன்."

"வேணாங்க அய்யா. நாளையிலேருந்து ஒரு பொட்டு சேறு இருக்காது."

சொல்லிவிட்டான். எப்படி என்பது அவனுக்கே தெரியாது.

மறுநாள் காலை பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விசாரித்தான்.

"வழியில யாரு எறங்குனது?"

பிள்ளைகள் வானத்தைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள். தனக்கொடி என்கிற குட்டிப் பெண் மட்டும் அவன் முகத்தையே பார்த்தபடி, "யாரும் எறங்கல மாமா," என்றாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. கண்ணையன் நம்பினான்.

ஆனால் பாகூர் போய்ப் பார்த்தால் மறுபடி சேறு. சரி, வாத்தியார் பார்க்குமுன் கழுவிவிடலாம் என்று பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் சேந்தி, ஒவ்வொரு காலாகக் கழுவினான். சேறு போனது. பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடிப்போய்த் தரையில் வழுக்கி ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியாரும் அந்தக் கும்பலில் சேர்ந்துகொண்டார்.

"சேறே தேவலாம்பா," என்றார் அவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த நாள் கண்ணையன் வண்டியின் பின்பக்கம் தாம்புக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடைத்தான். பாகூரில் பார்த்தால் கயிறு கட்டினபடி இருக்கிறது, கால்களிலும் சேறு இருந்தபடி இருக்கிறது. கூடுதலாக ஒரு பையனுடைய சட்டை முதுகில் கிழிந்து தொங்கியது. அவன் அம்மா கலியம்மாள் சாயங்காலம் சட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து கண்ணையன் வாசலில் நின்றாள்.

"புள்ளைய பள்ளிக்கூடம் கூட்டிக்கினு போறியா, முள்ளுக் காட்டுல வுட்டு இழுத்துக்கினு போறியா? இன்னா வண்டி ஓட்டுறன்னு நீ சம்பளம் வாங்குற?"

கண்ணையனின் பெண்சாதி தையலம்மாள் அவளைச் சமாதானம் செய்து, சட்டையை வாங்கித் தைத்துக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, நீ முன்னால குந்திக்கினு இன்னாதான் பண்ற? புள்ளைங்க எறங்குறது தெரியாதா?"

"மாட்டப் பாப்பனா, பின்னால பாப்பனா? வண்டி ஓட்டுறவன் பின்னால திரும்புனா பத்திரம் இன்னா ஆவுறது?"

"அப்ப காதாலயாவது கேளு."

அங்கேதான் கண்ணையனுக்கு அந்த யோசனை வந்தது. காளைகளின் கழுத்து மணிகளைக் கழற்றினான். காலையில் பிள்ளைகளின் கணுக்காலில் ஆளுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டான். இறங்கினால் சத்தம் தேய்ந்துவிடும், பிடித்துவிடலாம் என்பது கணக்கு. தாய்மார்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். "புள்ளைங்கள மாடாக்கிட்டான் பாரு" என்றாள் ஒருத்தி. கண்ணையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடுத்த காரியத்தில் அவனுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

பாகூர் வந்து இறக்கிவிட்டபோது மணிக்குள்ளெல்லாம் சேறு அப்பிக் கிடந்தது.

"மணிச் சத்தம் நிக்கவே இல்லடி," என்று அன்றைக்குத் தையலம்மாளிடம் அவன் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான். "வழி பூரா ஜல்ஜல்லுனு காதுல கேட்டுக்கினே வந்துது. ஆனா ஒண்ணு. சத்தம் பின்னாலேருந்து வரல. வண்டிக்கு முன்னாலேருந்து வந்த மாதிரி இருந்துது."

தையலம்மாள் தாலியைத் தொட்டுக் கும்பிட்டாள். "முனி. பனந்தோப்புல முனி இருக்குதுன்னு எங்கம்மா அப்பவே சொல்லும்."

"முனிக்கு எதுக்குடி புள்ளைங்க காலுல சேறு பூசுற வேல?"

கேட்டானே தவிர, அவனும் ஒரு கை திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டான். முனியோ, மனுஷனோ, இதற்கு மேல் விட முடியாது. வாத்தியார் நல்லவர், மணி விஷயத்தை வெளியில் சொல்லவில்லை. ஆனால் சொல்லுவதற்கு ஊரில் வேறு வாய்கள் இருந்தன. சிவப்பிரகாசம் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை தாமே பாகூருக்கு வந்து பிள்ளைகளின் காலைப் பார்க்கப் போகிறாராம். நடேசனையும் மோட்டாரோடு தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறாராம்.

அந்தக் கணமே கண்ணையன் முடிவு கட்டினான். பழைய மாட்டுக் கொட்டகைக் கதவை அறுத்து வண்டியின் பின்பக்கத்துக்கு அளவாக மாட்டினான். தன் முதுகுக்குப் பின்னால் முன்பக்கத்தை மூங்கில் தட்டி வைத்து இறுக்கிக் கட்டினான். காற்று வர ஓட்டை விட்டான். ஓட்டையில் ஒரு தேவாங்குகூட நுழைய முடியாது. பின்கதவுக்கு, நெல் களஞ்சியத்துக்குப் போடுகிற பெரிய பூட்டு ஒன்றைப் போட்டான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளை ஏற்றிப் பூட்டைப் பூட்டியதும் உள்ளே ஒரே கலவரம்.

"மாமா, பூட்டாத மாமா."

"பாகூருலதான் தொறப்பேன்."

"மாமா, தொற மாமா. நல்லதுக்குச் சொல்றோம்."

"நானும் நல்லதுக்குத்தான் பூட்டியிருக்கிறேன். கம்முனு குந்துங்க."

வண்டி ஊரைத் தாண்டியது. தட்டி ஓட்டை வழியாகத் தனக்கொடியின் குரல் வந்தது.

"மாமா, ஒரு கத சொல்லு மாமா."

"வண்டி ஓட்டும்போது கத சொல்லக்கூடாது."

"அப்ப பாட்டு பாடு."

"பாடக்கூடாது."

"வெத்தலையாவது போட்டுக்க மாமா."

கண்ணையன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான். என்னென்ன தந்திரம் பண்ணுகிறதுகள் பார். பேச்சுக் கொடுத்து, மனசை இளக்கி, சாவியைப் பிடுங்கப் பார்க்கிறார்களாம். இவனிடமா நடக்கும்? முதுகை நேராக்கிக்கொண்டு, கயிற்றை இறுக்கிப் பிடித்து, வாயை மூடிக்கொண்டான். உள்ளே தட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பனந்தோப்பு தாண்டியது.

அதற்கு அடுத்து கண்ணையனுக்குத் தெரிந்தது கணுக்காலில் சில்லென்று தண்ணீர்.

வண்டி பாகூருக்கு வெளியே இருக்கிற குட்டையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. காளைகள் இரண்டும் சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சக்கரம் நடுக்குடம் வரைக்கும் சேற்றில் இறங்கியிருந்தது. உள்ளே பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓய்ந்து, தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் நாலு முழம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணையன் குதித்தான். இடுப்பளவு தண்ணீரில் பின்னால் போய், நனைந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பூட்டைத் திறந்தான். ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் ஏற்றிக் கரையைத் தாண்டி, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சுமந்துகொண்டு போய் இறக்கினான். மறுபடி ஓடி வந்தான், மறுபடி சுமந்தான். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

கடைசிப் பிள்ளையை இறக்கியபோது வாசலில் சிவப்பிரகாசம் நின்றிருந்தார். பக்கத்தில் வாத்தியார். தெருவோரம் நடேசனின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

சிவப்பிரகாசம் குனிந்து வரிசையாகக் கால்களைப் பார்த்தார். பிள்ளைகளின் கால்கள் அலம்பி வைத்த பாத்திரம் மாதிரிப் பளிச்சென்று இருந்தன. சேறெல்லாம் கண்ணையன் மேல்தான், தலைத்துண்டு வரைக்கும்.

"வண்டி எப்பிடிடா குட்டைக்குள்ள போச்சு?"

கண்ணையன் சேற்றுத் துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டான். மாடுகள் இப்படிச் செய்ததே இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கொடிதான் முன்னால் வந்தாள்.

"மாட்டுக்குத் தாகம் வந்துடுச்சிங்க அய்யா. மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அவருதான் எங்களையெல்லாம் தூக்கிக்கினு வந்தாரு."

சிவப்பிரகாசம் கண்ணையனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மெல்ல இளகியது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வண்டி பூட்டணும்னு தெரியாதா? சரி போ. ஆனா புள்ளைங்க காலு தரையத் தொடல பாரு, அது பெருசு. அந்தக் கதவு, பூட்டு நல்ல யோசனைதான். இனிமே தெனிக்கும் பூட்டித்தான் வண்டி ஓட்டணும். வாத்தியாரே, பூட்டாம வந்தா எனக்குச் சேதி சொல்லுங்க." தெருப்பக்கம் கையை ஆட்டினார். "நடேசா, நீ கடலூருக்குப் போப்பா."

மோட்டார் கிளம்பிப் போனது. கண்ணையன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். வண்டி தப்பியது, மானம் தப்பியது. நாலு ஆளைப் பிடித்து வண்டியையும் காளைகளையும் குட்டையிலிருந்து கரையேற்றிவிட்டு, பள்ளிக்கூடத்து ஆலமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் நிம்மதியாகக் கிடந்தான்.

திரும்பி வருகிறபோது அவன் வாய் ஓயவில்லை. குருவிநத்தம் வந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்க, பூட்டைக் கையில் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தீங்களா? முனியாவது கினியாவது, இந்தப் பூட்டுக்கு முன்னால ஒண்ணும் நடக்காது. நாளைக்கு முன்பக்கத்துத் தட்டிக்கும் ஒரு பூட்டு போடப்போறேன்."

கடைசியாக இறங்கிய தனக்கொடி நாலா பக்கமும் பார்த்துவிட்டு, அவன் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"பூட்டு எத்தினி வேணும்னாலும் போட்டுக்க மாமா, சாவிய மட்டும் எங்க கையில குடுத்துட்டுத் தூங்கு. பனந்தோப்பாண்ட நீ கொறட்ட வுட்டதும் நாங்க எறங்கி மாட்டப் புடிச்சிக்கினு போவலன்னா, தெனிக்கும் குட்டையிலதான் போய் நிக்கணும்."