நாளொன்றுக்கு முந்நூற்று அறுபது முறை

புதன், பதினொன்றாம் தேதி

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் என் மகளும் நலம். உங்களுக்குக் கப்பலில் தலைசுற்றல் நின்று, சாப்பாடு வயிற்றில் தங்க ஆரம்பித்திருக்கும் என்று நம்புகிறேன். கடலின் ஆழத்தை அளக்கப் போனவருக்கு வாரத்துக்கு ஒரே கடிதம்தான் வரும், அதுவும் ஞாயிறு மாலைதான், எழுத்து மட்டும்தான், படம் வராது என்று என் மகள் சொன்னாள். நல்லதாயிற்று. உங்கள் சர்வரில் டவுன்லோடு எண்ணிக்கை ஏறும் வரைபடத்தை நான் பார்த்ததுபோல் நீங்களும் பார்த்திருந்தால், ஆழத்தை அளக்கக் கருவி இல்லாமலே இறங்கியிருப்பீர்கள்.

கிளம்பும் அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, சர்வர்மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றீர்கள். முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டேன். நீங்கள் போன இரண்டாம் நாளே சர்வர்காரர்களின் கடிதம் வந்தது. திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் உங்கள் மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று நீங்கள் பெருந்தன்மையாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதன் குரல் கோப்பு மிகப் பெரியதாம். மாதம் ஆறாயிரம் முறை டவுன்லோடு ஆகும் அளவுக்குத்தான் நம் பணத்துக்கு இடமாம். போன மாதம் பதின்மூன்றாயிரம் முறை போயிருக்கிறது. அந்தப் பாக்கியை நீங்கள் கைக்காசிலிருந்து கட்டியதை என் மகளிடமே சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதை நீங்கள் வந்தபின் அவளே பேசிக்கொள்வாள். இந்த மாதம் ஆறாயிரத்தைத் தொட்டால் சர்வர் தானாகப் பூட்டிக்கொள்ளும், முதல் தேதிவரை திறக்காது என்று எழுதியிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்.

அன்று மதியமே ஒரு பெண்மணி போன் செய்தார். அரசு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர், பார்வை இல்லாதவர். "சார், பதினாறாம் தேதி திங்கக்கிழமை எங்களுக்குப் புது கம்ப்யூட்டர் வைக்கிறாங்க. அன்னிக்கே உங்க குரலை அதுல ஏத்தணும். பென் டிரைவெல்லாம் சொருகக் கூடாதுன்னு ரூல். நேரா உங்க சர்வர்லேர்ந்துதான் எடுக்கணும்."

"எடுத்துக்கோங்கம்மா, அதுக்கென்ன?"

"எடுக்க முடியலைன்னா என்னை ஃபைல் கட்டுற சீட்டுக்கு மாத்திடுவாங்க சார். அதுக்குன்னே ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். பதினெட்டு வருஷமா ஒரு போன் காலைக்கூட நான் தப்பாப் போட்டதில்ல."

வாக்குக் கொடுத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் செய்தி சேகரித்தவன், ஒரு திருடனைக் கண்டுபிடிக்க மாட்டேனா? யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு முழுவதையும் அச்செடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிரிண்டரில் மை தீர்ந்து, வாங்கி வந்து, மறுபடி தீர்ந்தது. மூன்று நாள் சிவப்புப் பேனாவோடு தரையில் உட்கார்ந்து எண்ணினேன். என் மகள் வேலையிலிருந்து வந்து, கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று, "அப்பா, இதைக் கம்ப்யூட்டர்லயே தேடலாம்ப்பா. ஒரு வரி அடிச்சாப் போதும்" என்றாள். அடித்தாள். ஒரு நொடியில் விடை வந்தது. என் எண்ணும் அதன் எண்ணும் ஒன்றே என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மாப்பிள்ளை, திடமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரே இணைய முகவரி. நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நாளொன்றுக்கு முந்நூற்று அறுபது முறை, அதே குரலை, முழுசாக! போன மாதப் பதின்மூன்றாயிரத்தில் பத்தாயிரத்து எண்ணூறு அந்த ஒரே கையின் வேலை. ஒருவன் ஒரே செய்தித்தாளைக் கடையில் முந்நூற்று அறுபது முறை வாங்கினால் கடைக்காரர் போலீஸைக் கூப்பிட மாட்டாரா? திருடர்கள், மாப்பிள்ளை, பகல் திருடர்கள்! முகவரி யாருடையது என்று என் மகள் பார்த்துச் சொன்னாள். நம் வீட்டிலிருந்து இரண்டே பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மென்பொருள் நிறுவனம், ஐந்து மாடி, முழுக்கக் கண்ணாடி.

நேற்று காலை குடையும் பதிவேடுமாகப் போனேன். வரவேற்பறையில் உட்காரச் சொன்ன சோபாவில் இடுப்புவரை புதைந்துபோனேன். எழுந்திருக்க வாசல் காவலரும் நம் குரலைப் பயன்படுத்தும் பிரிவின் தலைவரும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. திருடர்களின் தலைவரைக் கைபிடித்துத்தான் முதலில் சந்தித்தேன். நல்ல மனிதராகவே தெரிந்தார், அதுதான் எனக்கு அதிர்ச்சி. பாட்டில் நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு விளக்கினார்.

"சார், எங்க புரோகிராம்ல யாராவது ஒரு வரி மாத்தினா, சிஸ்டம் தனக்குள்ளயே புதுசா ஒரு தற்காலிகக் கம்ப்யூட்டரை உருவாக்கும். உங்க குரலை இறக்கும். எல்லாம் சரியா வாசிக்குதான்னு சோதிக்கும். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரையே அழிச்சிடும்."

"அழிச்சிடுமா?"

"அழிச்சிடும் சார். அதான் முறை."

"அடுத்தவர் ஒரு வரி மாத்தினா?"

"மறுபடி முதல்லேர்ந்து."

"ஒரு கமா மாத்தினா?"

"கமாவுக்கும்தான்."

எனக்கு வியர்த்துவிட்டது. "ஏங்க, நேத்து இறக்கினதை ஒரு ஓரமா எடுத்து வச்சுக்கக் கூடாதா?"

"வச்சுக்கலாமே."

"அப்ப ஏன் வைக்கல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "யாரும் கேக்கல சார். இலவசம்தானேன்னு இருந்துட்டோம்."

அந்த ஆபரேட்டரைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டு வருஷம், திங்கட்கிழமை, ஃபைல் கட்டும் சீட்டு, எல்லாவற்றையும். அவர் முகம் மாறியது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்தார். தங்கள் இடத்திலேயே ஒரு பிரதியை வைத்து, இனி எல்லாச் சோதனைக்கும் அதையே எடுக்கும்படி மாற்றினார். பதினொரு நிமிஷம், கடிகாரம் பார்த்தேன். மாதம் பத்தாயிரத்து எண்ணூறு முறை கொட்டிக்கொண்டிருந்த ஓட்டையை அடைக்கப் பதினொரு நிமிஷம்! நீங்கள் கைக்காசைக் கட்டி மறைத்த விஷயம் இது.

வீடு திரும்பியபோது வரைபடம் மலையிலிருந்து மைதானத்துக்கு இறங்கியிருந்தது. இனி நாளுக்கு எழுபது பேர், எல்லாரும் நிஜ மனிதர்கள். இந்தக் கணக்கில் மாதக் கடைசியில் ஐந்தாயிரத்து நானூறைத் தாண்டாது. ஆபரேட்டரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை கவலையில்லாமல் போகச் சொன்னேன்.

இன்னொரு சின்ன விஷயம். இந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதி என் பழைய பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர் எதையும் சொல்லவில்லை, ஐந்து மாடியையும் சோபாவையும் மட்டும் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மலரில் முழுப் பக்கம் தருகிறார்கள். நாலு லட்சம் பிரதி. கடைசி வரியாக உங்கள் டவுன்லோடு முகவரியைத் தடித்த எழுத்தில் போட்டு, "வாசகர்கள் இன்றே எடுத்துப் பயன்பெறலாம்" என்று முடித்திருக்கிறேன். உங்கள் உழைப்பு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? என் மகளிடம் சொல்லவில்லை, ஞாயிறு காலை திறந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலை அடங்கி, அளவு சரியாக வந்து, போன காரியம் முடிந்து நல்லபடியாகக் கரைசேர வாழ்த்துகிறேன். நீங்கள் வரும்போது சர்வர் நீங்கள் விட்டுப்போனதைவிட நன்றாக இருக்கும். இது என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஞாயிறு, பதினைந்து, மாலை நான்கு மணி. கடிதம் கப்பலுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதால் இதைச் சேர்க்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் பத்திரிகை வந்தது. எட்டரைக்கு ஆபரேட்டர் கூப்பிட்டார். "சார், உங்க கட்டுரையை நெட்ல எடுத்துக் குரல்ல வாசிக்கவிட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில அந்த முகவரியை எழுத்து எழுத்தா வாசிச்சுது பாருங்க, இன்னிக்கே எல்லாரும் எடுத்துட்டா நாளைக்கு எனக்கு மிஞ்சுமா சார்?" பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தொட்டது. சர்வர் பூட்டிக்கொண்டது. என் மகள் கட்டுரையை ஒருமுறை படித்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். "அப்பா, மாசம் பத்தாயிரம் எடுத்தவங்க அவங்க. ஒரே காலையில ஆயிரத்து எழுநூறை முடிச்சவர் நீங்க" என்றாள்.

பதினொரு மணிக்கு அந்தப் பிரிவுத் தலைவரே போன் செய்தார். "அந்த ஐந்து மாடி நாங்கதானே சார்?"

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"சோபாவைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு எங்க முதலாளியே விழுந்து விழுந்து சிரிச்சார். நீங்க சொல்லித்தானே ஒரு பிரதி எடுத்து வச்சோம்? உங்களது பூட்டியிருக்கே, வர்றவங்களை எங்க பக்கம் திருப்பி விடுங்க சார். எத்தனை பேர் வேணா எடுக்கட்டும். பணமெல்லாம் வேண்டாம்."

என் மகள் அரை மணியில் திருப்பிவிட்டாள். ஆபரேட்டர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நம் பழைய முகவரியிலிருந்தே எடுத்துப் பார்த்து, முழுசாக இறங்குகிறது, நாளைக்குப் பயமில்லை என்றார். இப்போது மணிக்கு நானூறு பேர் எடுக்கிறார்கள், நம் செலவு பூஜ்யம்.

ஆகவே கீழ்க்கண்ட திருத்தங்கள். மேலே "திருடர்கள்" என்று வந்துள்ள இடங்களில் எல்லாம் "நம்மைக் காப்பாற்றியவர்கள்" என்று படிக்கவும். "இது என் பொறுப்பு" என்ற வாக்கியத்தை நீக்கிவிடவும். வாசலில் நீங்கள் சொன்ன இரண்டாவது வாக்கியத்தையும் இப்போது குறித்துக்கொண்டேன்.