மெஷினுக்குச் சட்டம் போட்ட கங்காணி

கம்ப்யூட்டரைத் திட்டியவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். தட்டியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் கம்ப்யூட்டரை எதிரே நிற்கவைத்து, “இந்தா பாரு, இங்கன வேலை பாக்கணும்னா இப்படி இப்படித்தான் நடந்துக்கிறணும்” என்று நிபந்தனை போட்டு வேலைக்குச் சேர்த்தவர் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் கங்காணி.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வந்தவர்களை, “அப்படி யாரும் இங்கே இல்லையே” என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்த பெண். கல்லூரி விடுமுறைகளில் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். அங்கே பெண்கள் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிடித்துக் காய் எடுத்துக்கொண்டு போக, மேற்பார்வை பார்க்கும் கங்காணி பின்னாலேயே வருவார். பிஞ்சைப் பறித்தாலும் சத்தம் போடுவார், பழுத்ததை விட்டுவிட்டுப் போனாலும் சத்தம் போடுவார். தேனியில் உரக்கடை மாடியில் இருந்த எங்கள் ஆறு பேர் சாஃப்ட்வேர் கம்பெனியில் இவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே ஏற்றுக்கொண்டார்.

எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நடப்பார். கையில் ஒரு கிண்ணம் நிறையப் பன்னீர் திராட்சை இருக்கும். எழுதியதில் ஒரு பிழை கண்டுபிடித்தால் ஒரு பழம் வாய்க்குள் போகும். கொட்டை காகிதத்தில் விழும். சாயங்காலம் கொட்டைகளைப் பார்த்தாலே அன்று ஆபீஸ் எந்த லட்சணத்தில் நடந்தது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். நான் சேர்ந்த முதல் வாரம் அவருக்குத் திராட்சை சாப்பிட்டே ஜலதோஷம் பிடித்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஆபீஸில்தான் முதலாளி ஒரு காலையில் மூச்சு வாங்க மாடியேறி வந்து, “இனிமே புரோகிராமை எல்லாம் ஏஐ எழுதும். நீங்க சொன்னா போதும்” என்றார்.

கங்காணி பழத்தை வாயில் போடாமல் நிறுத்தினார். “புது ஆளா? யாரு சொல்லிச் சேத்துக்கிட்டீக?”

“ஆளு இல்லம்மா, மெஷினு.”

“எதா இருந்தா என்ன, வேலைக்குத்தான வருது.”

முதல் நாள் சின்ன வேலைதான் கொடுத்தார். ஒரு பட்டனின் நிறத்தைப் பச்சையாக மாற்ற வேண்டும். மெஷின் மாற்றியது. அதோடு நிற்காமல் பதினோரு கோப்புகளுக்குப் பெயர் மாற்றி, மூன்றை இடம் மாற்றி, இரண்டை ‘தேவையற்றவை’ என்று தூக்கிப் போட்டுவிட்டு, தான் செய்த நற்பணிகளை வரிசை போட்டுச் சொல்லியது.

கங்காணி திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“ஏலே, ஒரு செடியில பழுத்த காய மட்டும் எடுன்னு சொன்னேன். நீ தோட்டத்தையே அறுத்துப் போட்டுட்டு, சுத்தம் பண்ணிட்டேங்கிறியே!”

அது உடனே மன்னிப்புக் கேட்டது. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. “குழஞ்சு பேசுற ஆளை மட்டும் நம்பவே கூடாது” என்று சொல்லிக்கொண்டே அவர் உட்கார்ந்தார். வேலை நடக்கும் கோப்புறையில் விதிகளை எழுதி ஒரு கோப்பாக வைத்துவிட்டால், அந்த மெஷின் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்கும். இந்த வசதியை யாரோ நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். கங்காணியின் கையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மத்தியானத்துக்குள் விதிகள் தயார். எல்லாம் தமிழில், அவர் பேசுகிற தமிழிலேயே.

‘உன் நிரையில மட்டும் நில்லு. அடுத்த செடியத் தொடாத.’

‘எதை மாத்துனாலும் பழசுக்கு ஒரு காப்பி எடுத்து வையி.’

‘அழிக்கிறதுக்கு முன்னாடி கேளு.’

‘தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. யாரும் அடிக்க மாட்டாக.’

‘அருமையான கேள்வின்னு சொல்லாத. கேள்வி எப்படின்னு கேட்டவளுக்குத் தெரியும்.’

‘ஒரு தப்புக்கு ஒரு மன்னிப்பு.’

முதலாளி தலையில் கைவைத்தார். “இதை இங்கிலீஷ்ல எழுதக் கூடாதாம்மா?”

“எல்லாப் பாஷையும் தெரியும்னுதான அதைக் கூட்டியாந்தீக? கம்பத்துப் பாஷை தெரியாட்டி இங்கன அதுக்கு என்ன வேலை?”

தெரிந்திருந்தது. கொஞ்சம் அளவுக்கு மீறியே தெரிந்திருந்தது. மறுநாளிலிருந்து அது மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க ஆரம்பித்தது. கோப்பைத் திறக்கலாமா? திறந்துவிட்டேன், படிக்கலாமா? படித்துவிட்டேன், மூடலாமா? கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு, ‘எடுத்ததுக்கெல்லாம் கேட்டு உசுர வாங்காத’ என்று ஒரு விதி சேர்த்தார். அது போதவில்லை என்று இன்னொன்று சேர்த்தார். விதியை விளக்க ஒரு விதி, விளக்கத்துக்கு விலக்காக ஒரு விதி என்று ஒரே மாதத்தில் நாற்பத்தொன்று ஆனது. எங்களுக்கெல்லாம் சிரிப்புத்தான். மெஷின் மட்டும் சிரிக்காமல் தினமும் காலையில் நாற்பத்தொன்றையும் படித்துவிட்டு வேலைக்கு வந்தது. எங்கள் ஆபீஸில் எழுதிவைத்ததை முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் அதுதான்.

அந்தச் சமயத்தில் ஜீப்புக்காரர்கள் சேர்ந்து எங்களிடம் ஒரு செயலி கேட்டார்கள். மறுநாள் தோட்டத்துக்கு யார் யார் போகிறார்கள், எந்தத் தெருவில் யாரை ஏற்றுவது என்று முதல் நாளே டிரைவரின் போனுக்குப் பட்டியல் போய்விட வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஜீப்பில் இடம் இல்லை. அந்த இடத்துக்கு டிரைவர் வேறு தெருவில் ஆள் பார்த்துவிடுவார்.

எனக்கு இது ஆபீஸ் வேலை மட்டும் இல்லை. என் அம்மா காமயகவுண்டன்பட்டியிலிருந்து அந்த ஜீப்பில்தான் போகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். “ஜீப்பு லிஸ்டு எம்மகன் போடுறான்” என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை ஜீப்புக்குத்தான் முதல் பட்டியல்.

வெள்ளிக்கிழமை கங்காணி லீவு. அக்கா மகளுக்குக் குச்சனூரில் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் விரலை ஆட்டி, “அது என்ன கேட்டாலும் நல்லா வாசிச்சுட்டுப் பதில் சொல்லு” என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் முதல் மார்க்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின், விதிப்படி, பணிவாகக் கேட்டது. ஒரே பெயர், ஒரே தெரு, ஒரே போன் நம்பரில் பல பதிவுகள் இருக்கின்றன. இரட்டைப் பதிவுகளாகத் தெரிகின்றன. நீக்கலாமா?

திரையில் பேச்சியம்மாள் என்ற பெயரைப் பார்த்தேன். கீழேயே இன்னும் மூன்று பேச்சியம்மாள். பெற்ற தாயின் பெயர் அது. பார்த்தும் அம்மா ஞாபகம் வரவில்லை. இரட்டைப் பதிவு இருக்கக் கூடாது என்று கல்லூரியில் படித்த பாடம்தான் ஞாபகம் வந்தது. ‘சரி, நீக்கு’ என்று பெருமையோடு தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுப் படுத்தவனை வாசலில் கேட்ட சத்தம் எழுப்பியது. ஜீப் டிரைவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுற்றி நான்கு பெண்கள், அவர்களில் ஒருவர் என் அம்மா.

“இந்தத் தெருவுக்கு ஒரே ஒரு பேச்சியம்மான்னுதான் வந்திருக்கு. அது யாருன்னு நீங்களே சொல்லுங்க” என்றார் டிரைவர்.

“நாந்தான் பேச்சி!”

“நீ பேச்சின்னா அப்ப நான் யாரு?”

“உனக்கு முன்னாடி பொறந்த பேச்சி நானு!”

“லிஸ்டு போட்டவன் எம்மகன். அப்ப நாந்தான அந்தப் பேச்சி?” என்றார் அம்மா. மற்ற மூவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

எங்கள் தெருவில் குலசாமி பேச்சியம்மன். அதனால் வீட்டுக்கு வீடு பேச்சி. மலைமேல் சிக்னல் கிடைக்காது என்பதால் அம்மாமார் யாரும் போன் வைத்துக்கொள்வதில்லை. அவசரத்துக்கு எல்லோரும் தெருமுனை மளிகைக்கடை நம்பரைத்தான் கொடுப்பார்கள். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எல்லா ஊரிலும் மாரியம்மாக்களும் ஈஸ்வரிகளும் இப்படித்தான் காணாமல் போயிருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஆறு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல வேற ஆளுகளுக்குச் சொல்லிருவேன்” என்றார் டிரைவர்.

கங்காணிக்கு போன் அடித்தேன். பின்னணியில் மேளம். நடந்ததைச் சொன்னேன். மேளத்தை விட்டுத் தள்ளிப் போனார். பிறகு, “கேட்டுச்சுல்ல அது? உன்கிட்டக் கேட்டுச்சுல்ல?” என்றார்.

“கேட்டுச்சுக்கா.”

“சரி, அழுகாத. வாரேன்.”

முக்கால் மணி நேரத்தில் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு மடிக்கணினியைத் திறந்தார். விதிப்படி மெஷின் பழைய பட்டியலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தது. பட்டியலை விட்டுப் போன பெண்கள் எல்லோரும் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. “உங்களுக்குள்ள எப்படிக் கூப்பிட்டுக்கிருவீக?” என்று கேட்டார். பம்ப்ரூம் பேச்சி, நெட்டப் பேச்சி, டீக்கடை வீட்டுப் பேச்சி, என் அம்மா வாத்தியாருக்குப் பயந்த பேச்சி. ஒரு நாள் பள்ளிக்கூடம் போய் மறுநாள் போகாததால் வந்த பெயராம். இருபத்துநாலு வருடம் என்னிடம் மறைத்திருக்கிறார்.

நெட்டப் பேச்சி திரையை எட்டிப் பார்த்தார். “இதுதான் எங்க பேர எடுத்ததா? இது ஆம்பளையா பொம்பளையா?”

“ரெண்டும் இல்ல” என்றார் கங்காணி.

“அப்ப சொன்னாக் கேக்கும். எழுது ஆத்தா. எங்க பேர எடுக்கணும்னா எங்ககிட்ட வந்து கேக்கச் சொல்லு.”

கங்காணி அப்படியே எழுதினார். அது நாற்பத்திரண்டாவது விதி. ஐந்தரைக்கு டிரைவரின் போனுக்கு அந்தப் பட்டப்பெயர்களோடு புதுப் பட்டியல் போனது. திங்கட்கிழமை விடியலில் நான்கு பேச்சிகளும் ஒரே ஜீப்பில் ஏறினார்கள். யார் நிஜப் பேச்சி என்ற சண்டை மட்டும் மலையேறும் வரை ஓயவில்லையாம்.

அன்று ஆபீஸில் முதலாளி, “யாரு சரின்னு சொன்னது?” என்று கேட்டார். நான் எழுந்து நிற்பதற்குள் கங்காணி, “விதியில ஓட்டை இருந்துச்சு. விதி எழுதினது நானு” என்று சொல்லிவிட்டு ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கோப்பைத் திறந்தபோது கடைசியில் நாற்பத்து மூன்றாவது விதி இருந்தது.

‘இவன் சரின்னு சொன்னா இன்னொரு தடவை கேளு. நல்ல பய. அவசரக்காரன்.’

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆபீஸில் இருக்கிறேன். கங்காணி இன்னும் உரக்கடை மாடியில்தான். என்னுடைய விதிக் கோப்பில் முதல் வரியாக அந்த நாற்பத்து மூன்றைத்தான் வைத்திருக்கிறேன். இங்கே பார்த்தவர்கள் சிரித்தார்கள். ‘நல்ல பய’ என்பது மெஷினுக்குத் தேவையே இல்லை, எடுத்துவிடலாம் என்றார்கள்.

மெஷினுக்குத் தேவையில்லைதான். எனக்குத் தேவைப்படுகிறது.