கியூடெக்ஸ் கழுவிய திங்கட்கிழமை

கொடகவெல,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் சாள்ஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கச்சி தெரேசம்மாவும் மகள் ஏஞ்சலினும் சுகம். கரவனெல்லையில் உங்கள் முழங்கால் வலி தணிந்து, மறுபடியும் மருந்துக்கடையைத் திறந்துவிட்டீர்கள் என்று கேட்டு மனம் குளிர்ந்தது.

முந்தாநாள் ஃபோனில் மூச்சிரைக்க உங்களிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை எம்பிலிப்பிட்டியவில் ஒரு கல்யாணத்துக்குப் போன எங்கள் தேயிலை சலிக்கும் அறைப் பிள்ளைகள் ஆறு பேரும், நம் ஏஞ்சலின் உட்பட, பத்து விரலிலும் சிவப்புக் கியூடெக்ஸோடு திங்கட்கிழமை வேலைக்கு வந்து நின்றார்கள். அன்றைக்கென்று பார்த்து, எங்கள் தேயிலையை வாங்கும் கொழும்பு மஹத்தயா பத்து மணிக்கு வருகிறார் என்று ஃபெக்டரித் தொரை சொல்லியனுப்பினார். அவர் சலிக்கும் அறையையும் பார்ப்பார், தேயிலையையும் ருசிப்பார், இரண்டில் ஒன்று பிசகினாலும் இந்த ஃபெக்டரியைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று தொரை போன மாதமே சொல்லியிருந்தார். நகப்பூச்சு உதிர்ந்து தேயிலையில் விழும் என்பதால் அதற்குத் தடை. ஏஞ்சலின் ஓடிப்போய் வீட்டிலிருந்து கியூடெக்ஸ் கழுவும் மருந்துப் போத்தலைக் கொண்டுவந்தாள். மச்சான், முப்பத்துநான்கு வருஷம் டீமேக்கராக இருப்பவன் நான். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று மல்லிகைப்பூ வைத்தவளைக்கூட உள்ளே விடாதவன், அன்றைக்குப் புத்தி கெட்டுப்போய் ஆறு பேரையும் சாம்பிள் அறையிலேயே உட்காரவைத்து பஞ்சால் நகத்தைத் துடைக்கச் சொன்னேன். போத்தல் சரிந்து மேசை வார்னிஷ் வட்டமாகக் கரைந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் சிவந்த பஞ்சையெல்லாம் ஒரு சாம்பிள் டின்னுக்குள் திணித்து, “இத வெறுமையாக்கிக் கொண்டா” என்று ஏஞ்சலின் கையில் கொடுத்தேன். அவள் கொண்டுவந்த டின்னில் காலைத் தேயிலையைப் போட்டு மூடிய பிறகுதான், கழுவினாளா என்று கேட்கவில்லையே என்று உறைத்தது. மோந்து பார்த்தேன். பழுத்த பழ வாசம். அப்போதுதான் உங்களுக்கு ஃபோன் எடுத்தேன்.

“பயப்படாதீங்க மச்சான், அது எதைல் அசிட்டேட்டு. எஸ்டர் சாதி. பழுத்த பழத்துலயே கொஞ்சம் இருக்கு. பெயின்ட்டுலயும் ஒட்டுற பசையிலயும் போடுவாங்க, வெளிநாட்டுல தேயிலையில கஃபீன் எடுக்கவும் அதுதான். வெரசா ஆவியாப் போயிரும். நெருப்புக்கிட்ட மட்டும் கொண்டுபோயிராதீங்க” என்றீர்கள். தேயிலை காயவைக்கும் அடுப்பு அடுத்த சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று உங்களிடம் சொல்லவில்லை.

மஹத்தயா பிள்ளைகளின் விரல்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அந்த டின் தேயிலையை ஊற்றி உறிஞ்சி, கண்ணை மூடி, “ஹரி ஹொந்தய், ரொம்ப நல்லாருக்கு, டீமேக்கர். பழ வாசம் வருது” என்றார். தொரை என் தோளில் தட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் வேறு யாரும் மோந்துவிடக் கூடாதே என்று, அந்த அறையிலேயே கிடந்த, அதே தேயிலையில் மிச்சமிருந்த ஒரே மூட்டையை அன்று மாலையே கழிவுத் தேயிலையோடு சேர்த்து, சுண்ணாம்பு கலந்து, உரக்குழியில் கொட்டினேன். தடயமே இல்லை. இரண்டு இரவாக நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உங்களையும் வீட்டாரையும் ஆண்டவர் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். தெரேசம்மா முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறாள்.

அன்புள்ள மச்சான்,
ரொபர்ட்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் சாம்பிள் அலமாரியைத் துடைத்தேன். மூலையில் ஒரு டின், உள்ளே அந்தச் சிவப்புப் பஞ்சு அப்படியே இருக்கிறது. கேட்டால், “அது நாறுச்சுப்பா, அதான் ஒங்களுக்குப் புது டின்னு எடுத்துத் தந்தேன்” என்கிறாள் ஏஞ்சலின். நான் அன்று மோந்தது பஞ்சைத் திணித்த என் விரலைத்தான்; மஹத்தயாவுக்கு வந்தது தேயிலையின் சொந்த வாசம். முப்பத்துநான்கு வருஷத்தில் நான் செய்த மிக நல்ல தேயிலை உரக்குழியில் கிடக்கிறது. அதில் ஒரு மூட்டை கேட்டு மஹத்தயா நாளைக்கு லொறி அனுப்புகிறாராம்.