ஓக்ரமோன்: மக்கள்தொகை ஒன்று

அந்த வசந்தத்தில், ஒரு காலத்தில் பேக்கரி இருந்த குழிக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு வண்டிவீடு நின்றிருந்தது. அதன் வாசலில் ஒரு தபால்பெட்டி. பெட்டியில் வெள்ளைச் சாயத்தால் "1" என்று கதவிலக்கம் எழுதியிருந்தது.

ஓக்ரமோன் ஊராட்சியின் மேயர் ஆன்செல்ம் கொலினியோன் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். அறுபத்தொன்பது வருஷமாக ஈ காக்கை குடியிருக்காத ஊர் அது. முதல் உலகப்போரில், 1916-ல் பெய்த குண்டு மழையில் நானூற்றிருபது பேரும் ஓடினார்கள். திரும்பி வர வீடும் இல்லை, வீடு கட்ட மண்ணும் இல்லை. மண்ணில் பாதி இரும்பு, மீதி எலும்பு. பைன் மரங்கள், குழிகள், ஒரு சிறு கோயில், ஒரு நினைவுக்கல். ஊர் என்றால் அவ்வளவுதான்.

ஆனால் காகிதத்தில் ஊர் உயிரோடு இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் நாட்டை மாவட்டங்களாக வெட்டி, மாவட்டத்தைக் கோட்டங்களாகவும், கோட்டத்தை வட்டங்களாகவும், வட்டத்தை ஊராட்சிகளாகவும் நறுக்கிய நாளிலிருந்து ஓக்ரமோன் அதில் ஒரு துண்டு. 1926-ல் அரசாங்கம் நூறு கோட்டங்களுக்கு மேல் ஒரே மூச்சில் விழுங்கி ஏப்பம் விட்டது. செத்த ஊர்களை விழுங்க மட்டும் அதற்கு மனசு வரவில்லை. ஆள் இல்லாத ஊருக்குத் தேர்தல் இல்லை. ஆட்சியரே மேயரை நியமித்துவிடுவார்.

கொலினியோனின் அப்பா பிறந்த ஊர். வரைபடத்தில் அந்தப் பெயர் அழியக் கூடாது என்பதற்காகவே அவர் மேயரானார். பக்கத்து ஊரான வார்மோனில் அவருடைய சமையலறை அலமாரிதான் ஊராட்சி அலுவலகம். முத்திரை காப்பிப்பொடி டப்பாவில் இருந்தது.

அவர் கதவைத் தட்டினார். வற்றலாக உலர்ந்த ஒரு மனிதர் எட்டிப்பார்த்தார். பெயர் ஃபெரியோல் மான்சுய். ரயில்வேயில் சிக்னல் போட்டு ஓய்வுபெற்றவர்.

"வாங்க மேயர் ஐயா! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். குடியிருப்புச் சான்று ஒண்ணு வேணும்."

"இங்க குடியிருக்க முடியாதுய்யா!"

"ஏன், இது ஊர்தானே?"

"ஊர்தான். ஆனா செத்த ஊர்."

"ரொம்ப நல்லது. அக்கம்பக்கத்துச் சண்டை இருக்காது. வாக்காளர் பட்டியலுக்கும் எழுதிப் போட்டுட்டேன். அடுத்த தேர்தல்ல இந்த ஊருக்கு மொத்தமே ஒரு ஓட்டு. என் ஓட்டு."

"யாருக்குப் போடுவீங்க?"

"யோசிக்கணும். வார்மோனோட சேர்த்துட்டா தண்ணிக் குழாய் வரும்ங்கிறாங்களே!"

மேயர் வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். ஒரு ஆள், ஒரு ஓட்டு, ஒரு தண்ணீர்க் குழாய். ஓக்ரமோன் என்ற பெயர் காலி! டப்பாவிலிருந்து முத்திரையை எடுத்து, எட்டு நாளில் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு எழுதினார். ஒட்டப் பலகை இல்லாததால் பைன் மரத்தில் நாற்பத்தேழு ஆணி வைத்து அறைந்தார். சட்டப்படி ஒரு பிரதியைக் கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்பினார்.

மூன்றாம் நாள் அங்கிருந்து எழுத்தர் மதாம் தியெபோ தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க உத்தரவு கெடச்சுது ஐயா. குடியிருக்கிறவரைக் காலி பண்ணச் சொல்லியிருக்கீங்க. அப்போ ஒருத்தர் குடியிருக்கார்னு ஆகுது. கோப்புல ஏத்திட்டேன்."

"அதுக்காகவா எழுதினேன், மதாம்?"

"எழுத்துல இருக்கே ஐயா, உங்க முத்திரையோட!"

கொலினியோன் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். வண்டிவீட்டுக்கு அடியில் வெடிக்காத குண்டு இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்று புகார் எழுதினார். குண்டு அகற்றும் படை வந்து தோண்டியது. பதினேழு குண்டுகள் கிடைத்தன. கூடவே மூன்று ஜோடி பூட்ஸ்; பூட்ஸுக்குள் கால்கள். மான்சுய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். படைத் தலைவர் கை கழுவிவிட்டு ஒரு சான்றிதழ் நீட்டினார்.

"இனி பயமே இல்ல மேயர் ஐயா. உங்க எல்லைக்குள்ள மனுஷன் தைரியமா தூங்கக்கூடிய ஒரே எடம் இவர் கட்டில் போட்டிருக்கிற எடம்தான். அப்படியே எழுதிக் கொடுத்திருக்கேன்."

டிசம்பர் வந்தது. கொலினியோன் கடைசி உத்தரவைப் போட்டார்: மண்ணில் வெடிமருந்து இருப்பதால் ஓக்ரமோன் எல்லைக்குள் யாரும் அடுப்போ கணப்போ மூட்டக் கூடாது. குளிரில் ஒரு வாரம் தாங்கமாட்டார், வெளியூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு ஓடிவிடுவார் என்பது கணக்கு.

மான்சுய் ஓடவில்லை. கணப்பை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"சட்டம்னா சட்டம்தான் ஐயா. இந்த ஊர்ல ஒரே குடிமகன் நான். நானே மீறினா மொத்த ஊரும் மீறின மாதிரி ஆயிடாதா?"

ஜனவரியில் காக்கைகள் கிளையிலேயே உறைந்து கல்லாக விழுந்தன. தபால்பெட்டி திறக்கப்படவே இல்லை என்று தபால்காரர் சொன்னதும் கொலினியோன் சூப்புப் பாத்திரத்தோடு ஓடினார். உள்ளே மான்சுய் நீலம் பாரித்துக் கிடந்தார். இருமல், மரம் அறுப்பதுபோல் கேட்டது.

"மூட்டுய்யா கணப்பை! உத்தரவை ரத்து பண்ணிட்டேன்!"

"எழுத்துல குடுங்க," என்றார் மான்சுய். "முத்திரையோட."

"தீப்பெட்டியைக் குடு, நானே மூட்டறேன்!"

"மேயரே மீறலாமா ஐயா?" தீப்பெட்டியைக் கம்பளிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடுங்கப் பிடுங்க விடவில்லை.

முத்திரை வார்மோனில், காப்பிப்பொடி டப்பாவில். எழுபது வயது மேயர் நான்கு கிலோமீட்டர் பனியில் விழுந்து எழுந்து ஓடினார். டாக்டரை அனுப்பச் சொல்லிக் கத்திவிட்டு, ரத்து உத்தரவில் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் வந்தபோது அதைப் படிக்க ஊரில் யாரும் இல்லை.

மறுநாள் அலமாரியிலிருந்து இறப்புப் பதிவேட்டை எடுத்தார். கடைசிப் பதிவு 1916. அதற்குக் கீழே எழுதினார்: ஃபெரியோல் மான்சுய், வசிப்பிடம் ஓக்ரமோன். வெட்கம் ஒரு பக்கம் அவரைத் தின்றது. இன்னொரு பக்கம், சொன்னால் பாவம், ஒரு நிம்மதி. ஓட்டு இல்லை, தேர்தல் இல்லை. அப்பாவின் ஊர் தப்பித்தது.

கோட்ட அலுவலகத்தை அழைத்துத் தகவல் சொன்னார்.

"மக்கள்தொகை பழையபடி பூஜ்யம், மதாம். எழுதிக்குங்க."

மறுமுனையில் மதாம் தியெபோ கோப்பைப் புரட்டினார்.

"அடப் பாவமே! ஓக்ரமோனைக் கலைச்சு வார்மோனோட சேர்க்கிற உத்தரவு போன வசந்தத்துலயே தயார் ஐயா, அங்க ஒரு ஆள் குடியிருக்கார்ங்கிற ஒரே காரணத்தாலதான் ஆட்சியர் கையெழுத்துப் போடாம வெச்சிருந்தார். நீங்களும் சளைக்காம உத்தரவுக்கு மேல உத்தரவு போட்டு அந்த ஆள் இருக்கார்னு நிரூபிச்சுக்கிட்டே இருந்தீங்களா, ஊரைக் காப்பாத்த என்னமா மூளைன்னு இங்க எல்லாரும் உங்களை மெச்சிக்கிட்டுல்ல இருந்தோம்!"