டிராக்டர் மாமியின் பிளக் பாயின்ட்

கரமனை அக்ரகாரத்தில் சுவாமி புறப்பாட்டுக்கே வழிவிடாமல் ஸ்கூட்டரை நடுத்தெருவில் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. டிராக்டர் மாமிக்கு வழிவிடாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் சில வருஷம் குடியிருந்த எனக்கே அது தெரியாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர்கூட டிராக்டர் மாமி வீடு எது என்றுதான் கேட்பார்.

மாமி அரசாங்க அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் மனிதர்கள் காசிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் மாத்திரை டப்பா வாங்குவார்கள். மாமி ஒரு குட்டி டிராக்டர் வாங்கினார். நேமத்துக்கு அப்பால் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டார். செக்ஷன் போய்விட்டதே தவிர ஆபீசர் போகவில்லை. காலையில் சாவியைத் திருகும்போது டிராக்டரிடம், "ம், ஜாயின் பண்ணு" என்பார். மழை நாளில் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, "இன்னிக்கு உனக்கு கேஷுவல் லீவு" என்பார். டிராக்டர் எதிர்த்துப் பேசியதே இல்லை. அவர் செக்ஷனில் இருந்தவர்களும் பேசியிருக்க மாட்டார்கள்.

முதல் வாரம் தெருவில் பெரிய ரகளை. வாசலில் அப்போதுதான் போட்ட கோலங்களின் மேல் டிராக்டர் டயர் தன் கோலத்தையும் போட்டுக்கொண்டு போயிற்று. பெண்கள் கூடிப் பேசினார்கள். மாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரிசீலிக்கறேன்" என்றார். அடுத்த வாரம் பார்த்தால் தெருவிலிருந்த அத்தனை கோலமும் படியை ஒட்டி நகர்ந்துவிட்டிருந்தது. டிராக்டர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

கரமனைப் பாலத்தில் பஸ்காரர்கள் பின்னால் நின்று ஹார்ன் அடிப்பார்கள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலையில் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் மாமி திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "க்யூவிலே வரணும். எல்லாருக்கும் ஆபீஸ் உண்டு."

இவ்வளவு அதிகாரமும் அடங்குவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். மாமாவின் மூச்சு இழுக்கிற சத்தம். மாமா சாது. பேசுவதைவிடத் தலையாட்டுவதில் நம்பிக்கை உள்ளவர். அவருக்கு ஆஸ்துமா. எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. இழுத்தால் நெபுலைசர் என்கிற அந்தச் சின்ன மெஷினை ஓட்டி, மருந்துப் புகையை மூக்கில் பிடிக்க வேண்டும். ஒருநாள் மாமி வயலில் இருந்தபோது அவருக்கு இழுத்துவிட்டது. நல்லவேளையாக அன்று நான் வீட்டில் இருந்தேன்.

விஷயம் பெங்களூரில் இருக்கும் மகன் ரமேஷுக்குப் போயிற்று. ஸ்பீக்கரில் அவன் பேசியது தெருவுக்கே கேட்டது.

"அம்மா, அப்பாவைத் தனியா விட்டுட்டு நீ உழுதுண்டிருக்கறது சரியில்லை. டிராக்டரை வித்துடலாம். வாங்கறதுக்கு ஆள்கூடப் பார்த்தாச்சு. பூஜை லீவுக்கு வரேன்."

மாமி ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு நோட் எழுதுகிற தோரணையில் சொன்னார்: "மணி, நான் இல்லாம வயல் இல்லை. மாமாவை விட்டுட்டு நான் போகப்படாது. அப்போ மாமா வயலுக்கு வரணும். மாமா வந்தா மெஷினும் வரணும். மெஷினுக்குக் கரண்ட் வேணும். ஆகக்கூடி, டிராக்டருக்கு ஒரு பிளக் பாயின்ட் வேணும். அவ்வளவுதானே?"

சார்ஜ் ஏற்றிக்கொள்கிற மெஷின் வாங்கினால் போதுமே என்றேன். "சார்ஜ் தீர்ந்தா நடு வயலிலே எந்த வாழையிலே கொண்டுபோய்க் குத்தறது?" என்றார். வாழையில் பிளக் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டேன்.

காரில் ஃபோன் சார்ஜ் போட ஒரு வட்டத் துளை இருக்குமே, அதுதான் மாமி கேட்டது. அதில் செருகி ஓட்டுகிற நெபுலைசர் வாங்கியாயிற்று. துளைதான் இல்லை. ஆட்டோக்களுக்கு வயரிங் செய்யும் மார்த்தாண்டத்துக்காரர் செல்வராஜ் வந்து டிராக்டரை ஒரு சுற்று சுற்றினார்.

"ஹெட்லைட் லைன்லேர்ந்து எடுத்தா எளுப்பம் கேட்டேளா, அம்மா. பயப்படாண்டாம், இப்பம் செஞ்சு தாறேன்."

செய்தும் தந்தார். ஹெட்லைட் எரிந்தால்தான் பிளக்கில் கரண்ட் வரும் என்பதை மட்டும் கடைசியில் சொன்னார். மறுநாள் உச்சி வெயிலில் மாமி லைட்டைப் போட்டுக்கொண்டு நேமம் ரோட்டில் போனார். எதிரில் வந்த அத்தனை பேரும் லைட் எரிகிறது என்று கையைத் தூக்கி விரல்களை விரித்து மூடிக் காட்டினார்கள். ஊரே தனக்கு மரியாதை செய்வதாக நினைத்து மாமியும் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டே போனார். வயலில் மெஷினைச் செருகியதும் லைட்டும் அணைந்தது, மெஷினும் அணைந்தது. ஃப்யூஸ் போய்விட்டிருந்தது.

மாமி டிராக்டரோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். செல்வராஜை வரவழைத்து எதிரில் உட்காரவைத்தார். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டு, பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுப்பது, பேட்டரி பக்கத்திலேயே அதற்கென்று ஒரு ஃப்யூஸ் வைப்பது, தகரத்தில் உரசாமலிருக்க ஒயருக்கு ரப்பர் வளையம் போடுவது என்று முடிவுக்கு வந்தார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் அழகாக ஒரு துளை உட்கார்ந்தது. மெஷின் ஜம்மென்று ஓடியது.

அந்த வாரம் பேய்மழை. தெருவில் கரண்ட் போய் நெடுநேரம் வரவில்லை. மாமி வீட்டு டிராக்டரில் பிளக் இருப்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. தலைக்கு ஒரு சார்ஜரோடு வந்தார்கள். ஒரே துளையில் கொத்துக்கொத்தாக ஃபோன்கள் தொங்கின. மாமியும் பெருமையோடு எல்லோருக்கும் டோக்கன் கொடுத்தார். காலையில் சாவியைத் திருகி "ஜாயின் பண்ணு" என்றார். டிராக்டர் கடக் என்றதோடு சரி. பேட்டரியில் சொட்டு இல்லை.

ஃபோனிலெல்லாம் சார்ஜ் நிறைந்திருந்ததால் யாரும் தப்பிக்க முடியவில்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்ரகாரமே தள்ளியது. மாமி மேலே உட்கார்ந்து, "சேர்ந்து தள்ளுங்கோ, அவாவா இஷ்டத்துக்குத் தள்ளப்படாது" என்று நிர்வாகம் செய்தார். தெருக்கோடியில் டிராக்டர் இருமிக்கொண்டு கிளம்பியபோது எங்களில் பாதிப் பேருக்கு மாமாவின் மெஷின் தேவைப்பட்டது. செல்வராஜ் மறுபடி வந்து நடுவில் ஒரு ரிலே வைத்தார். சாவி போட்டால்தான் இனி பிளக்கில் கரண்ட். "ஆபீஸ் திறந்தாத்தான் கவுண்டர்" என்று மாமி அதை விளக்கினார்.

பூஜை வந்தது, ரமேஷும் வந்தான். நல்ல பையன்தான். அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, முகம் வாடிப்போனான். மாமி சொன்னார்: "விஜயதசமி அன்னிக்குக் காலம்பற நீயும் வயலுக்கு வா. அங்கே அப்பாவோட மெஷின் இதிலே ஓடலேன்னா, சாவியை நானே உன் கையிலே தரேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எங்கள் பக்கம் பூஜை வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை புத்தகத்தையும் ஆயுதத்தையும் தொடக் கூடாது. டிராக்டரைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டுப் பூஜை வைத்தாயிற்று. வீட்டில் மாமி சர்க்கரைப் பொங்கல் கிண்டியதால், பொட்டு வைக்கும் வேலை மாமாவுக்கு. இண்டு இடுக்கு விடாமல் வைத்தார்.

விஜயதசமி காலையில் ஊர்வலம் கிளம்பியது. பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லரில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, கறுப்புக் குடையோடு மாமா உட்கார்ந்திருந்தார். நாற்காலியை நான் பிடித்துக்கொண்டேன். ரமேஷ் பைக்கில் பின்னால் வந்தான்.

மாமி இரண்டு சால் உழுதார். புழுதி கிளம்பியது. மாமாவுக்கு நிஜமாகவே இழுக்க ஆரம்பித்தது. மாமி டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு மெஷினைச் செருகினார். சத்தமே இல்லை. எடுத்துச் செருகினார். ஊஹும். மாமாவின் தோள் ஏறி ஏறி இறங்கியது.

"மதிம்மா, போறும்," என்றான் ரமேஷ். கோபமில்லை, அழுகைதான் இருந்தது. "பைக்கிலே ஏத்திண்டு போறேன். அப்பாவை வெச்சு விளையாட வேண்டாம்."

"இரு," என்றார் மாமி. ஃப்யூஸைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. என் ஃபோன் விளக்கைத் துளைக்குள் அடித்தார். உள்ளே, கம்பி வந்து தொடவேண்டிய நட்டநடுவில், காய்ந்து இறுகிப்போன சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம் வேறு.

மாமி சாவியை அணைத்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவிச் சந்தனத்தைச் சுரண்டினார். புடவைத் தலைப்பைச் சுருட்டித் துடைத்து, மறுபடி சாவியைப் போட்டார். "ஜாயின் பண்ணுடா ராஜா" என்றார், கெஞ்சுகிற குரலில்.

என்ஜின் உறுமியது. மெஷினும் உர்ரென்றது.

மாமாவின் மூச்சு மெல்ல ஒழுங்காயிற்று. அப்புறம் மாமி கேட்டார்: "ஊரெல்லாம் பொட்டு வெச்சேளே, அந்த ஓட்டைக்குள்ளேயும் வெக்கணுமா? விரல் எப்படிப் போச்சு?"

மாமா மருந்துக் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கினார். "விரல் போகலை. தீக்குச்சியாலே வெச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் மூச்சு அதுக்குள்ளேர்ந்துதானே வரப்போறது, கேட்டயா. அதுக்கு வெக்காம விட மனசு வரலை."

மாமி சட்டென்று திரும்பிக்கொண்டு, டிராக்டரைப் பார்த்து, "உனக்கென்ன இங்கே வேடிக்கை?" என்று அதட்டினார். ரமேஷ் வரப்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஃபோனையே நோண்டிக்கொண்டிருந்தான். வாங்க வருகிற ஆளுக்கு நேரம் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"அம்மா," என்றான் கடைசியில். "இந்த ஓட்டைக்கு ரப்பர் மூடி கிடைக்கறது. ஆர்டர் பண்ணிட்டேன். இனிமே அப்பா பொட்டை அது மேலே வெக்கட்டும்."

நான் இப்போது கரமனையில் இல்லை. நேமத்திலிருந்து தம்பானூருக்கு பஸ்ஸில் ஆபீஸ் போகிறேன். சில நாள் காலையில் பாலத்தில் பஸ் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால், எதிரே முழுக்கைச் சட்டை, தொப்பி, பின்னால் நாற்காலியில் கறுப்புக் குடை. டிரைவரின் கை ஹார்னுக்குப் போகும். நான் எழுந்துபோய் அவரிடம், அடிக்க வேண்டாம் சேட்டா என்று சொல்லிவிடுவேன். ஆபீசுக்கு லேட்டானால் ஆகட்டும், அவர்கள் இரண்டு பேரும் மெதுவாகவே போகட்டும்.