கிளிப்பச்சைத் துணியும் நான் வைத்த சேனையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். பேனாவை எடுப்பேன், அடுப்பில் பால் பொங்கும், எழுந்து போய்விடுவேன். (பால் பொங்காத நாளிலும் போயிருக்கிறேன்.) ஆனால் எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஆகவே திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் பாரத்தைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதத் துணிந்தேன். அதிகம் படிக்காதவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. புதிதாகக் கல்யாணமாகி ராயபுரத்தில் குடித்தனம் செய்துகொண்டிருந்தேன். அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை, திருவொற்றியூரில் வீடு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதுவரை வீட்டிலேயேதான் பிறந்தன. அண்ணிதான் பிடிவாதமாக ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். எங்கள் வீட்டில் அது அத்தையின் உரிமை. அத்தை என்றால் நான். என் குணம் ஒரு பிள்ளைக்காவது வந்தால் உலகத்துக்கு நல்லது என்று அந்த வயதில் மனப்பூர்வமாக நம்பினேன்.

அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த கற்கண்டுத் தண்ணீரைப் பழைய அத்தர் சீசாவில் ஊற்றி, மடியில் செருகிக்கொண்டு போனேன். (சீசாவை நன்றாகக் கழுவியிருந்தேன். வாசனை முக்கால்வாசி போயிருந்தது.) வாசலிலேயே நர்ஸ் எஸ்தர் மறித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. அதே கஞ்சி கழுத்துக்கும் போட்டதுபோல நிமிர்ந்த தலை.

விஷயத்தைச் சொன்னேன். என்னை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போய் அண்ணியிடம் தனியாகக் கேட்டுவிட்டு வந்தார்.

"தாய்க்கு இஷ்டம் இல்ல. தாய்ப்பால் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுதாக."

"அவ சின்னப் பொண்ணு சிஸ்டர், அவளுக்கு இன்னா தெரியும்? இது எங்க வூட்டுப் புள்ள!"

"பிள்ளை உங்க வீட்டுதுதான். ஆனா அதுக்குப் பேச வாய் கிடையாது. அதுக்காகப் பேசப் பெத்தவ இருக்கா. போயிட்டு வாங்க."

போய்விட்டு வந்தேன். சுவரைச் சுற்றிப் பின்பக்கமாக.

பின்தாழ்வாரத்தில் குழந்தைகளைக் குளிப்பாட்டி வெயிலில் கிடத்துவது வழக்கம். ஆயா தண்ணீர் இறைக்கப் போயிருந்தாள். ஏழெட்டுக் குழந்தைகள் வரிசையாகப் படுத்திருந்தன. எங்கள் குழந்தை எது என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. என் பழைய கிளிப்பச்சைப் புடவையைக் கிழித்து, துவைத்து, நானே கொடுத்தனுப்பிய துணியில் அதைச் சுற்றியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். எங்கள் நைனா மூக்கு, எங்கள் அப்பா மூக்கு, அச்சாக! கண்ணில் தண்ணீர் முட்டியது.

அம்மனை நினைத்துக்கொண்டு சீசாவைக் கவிழ்த்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். அவசரத்தில் மற்றக் கையிலிருந்த சீசா சாய்ந்து, விரலில் ஒட்டிய சொட்டோடு சீசாவின் சொட்டும் உள்ளே போனது. குழந்தைக்குப் புரையேறியது. முகம் சிவந்தது. பிறகு சத்தமே வரவில்லை.

சத்தம் போட்டது நான்தான். தங்கசாலைக்கே கேட்டிருக்கும்.

நர்ஸ் பாய்ந்து வந்தார். குழந்தையைக் கையில் குப்புறப் போட்டு, முதுகில் தட்டி, வாயைத் துடைத்தார். அது ஒரு தும்மல் தும்மி அழுதது. அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீக?"

"நான் இதுக்கு அத்தை!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர் துணியை விலக்கிக் காட்டினார். என் அண்ணனுக்குப் பிறந்தது பெண். என் கண்ணெதிரே கிடந்தது, சந்தேகத்துக்கே இடம் வைக்காத ஆண்.

நடந்தது இதுதான்: முகத்துவாரக்குப்பத்திலிருந்து கன்னியம்மா என்கிற மீனவப் பெண் வலி எடுத்து, கட்டின சேலையோடு வந்து சேர்ந்திருக்கிறாள். அவள் குழந்தைக்குத் துணியில்லை என்று, பக்கத்துக் கட்டிலில் இருந்த என் அண்ணி என் புடவைத் துணியைக் கொடுத்திருக்கிறாள்.

நான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாத்தானே அழுவுது சிஸ்டர், யாருக்கும் தெரிய வோணாமே."

"டாக்டரம்மாகிட்ட நான் சொல்லியே ஆகணும். இங்க உள்ள பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவ. அதுக்கு முன்ன பெத்தவளுக்குத் தெரியணும். மறைச்சா, நானும் உங்களைப்போல ஆயிருவேன். வாங்க, உங்க வாயாலே சொல்லுங்க."

ஜெயில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். போகிற வழியில், "இவளுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை தக்கல. பாத்துப் பேசுங்க" என்றார் நர்ஸ். அதன் பிறகு ஜெயிலே தேவலை என்று தோன்றிற்று.

கன்னியம்மாவிடம் எப்படிச் சொன்னேனோ தெரியாது. சொல்லி முடித்ததும் அவள் குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அத்தர் சீசாலயா ஊத்தின? கஸ்மாலம்! எம்புள்ளைக்கு எதுனா ஆச்சு, உன் முடியப் புட்ச்சு எண்ணூர் வரிக்கும் இஸ்துகினு போவேன், தெர்தா?"

"தெர்து," என்றேன்.

"இங்கியே குந்து. அவன் பால் குடிக்கிற வரிக்கும் நவுரக் கூடாது."

நகரவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்து, பால் குடிக்கிறதா என்று கவனிக்கச் சொல்லி, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் நான் எழவில்லை. பிள்ளை வாய் வைக்காமல் எழுவதில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸும் அடிக்கடி வந்து தொட்டுப் பார்த்தார். விளக்கேற்றும் நேரத்தில்தான் அவன் சப்புக்கொட்டித் தாய்ப்பாலை இழுக்கத் தொடங்கினான். நான் ஓவென்று அழுதேன். கன்னியம்மாவும் அழுதாள். எஸ்தர் சிஸ்டர் திரும்பி நின்று கர்த்தரிடம் என்னவோ சொல்லிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னியம்மா கேட்டாள்: "வெச்சது வெச்சுட்ட. உன் கொணம் இன்னா மாதிரி? சொல்லு."

நான் பணிவாக ஒரு பதில் யோசிப்பதற்குள், பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணி முந்திக்கொண்டாள். "மனசு நல்ல மனசு அக்கா. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்குத்தான் நானே வோணான்னேன்."

கன்னியம்மா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "மீன் விக்கிற வூடு. வாய் இருந்தா நல்லதுதான், போ."

அந்தப் பையன் இன்றைக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறான். அவன் வாயைத் திறந்தால், "அத்தை வெச்ச சேனை எகிறுது பாரு" என்று எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆடி மாதம் தவறாமல் வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்து, "சேனையம்மா" என்று கூப்பிட்டுத் தெருவையே எழுப்புகிறான். தாய்ப்பால் மட்டும் குடித்த என் அண்ணன் மகள் கேட்டால்தான் பேசுவாள். (அவன் மூக்கு எங்கள் நைனா மூக்குதான் என்று இன்னமும் சொல்வேன். ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.)

போன கல்யாணத்தில் நான் வரிசையாக எல்லாக் குழந்தைக்கும் சேனை வைத்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின கல்யாணத்தில் டாக்டரம்மாவுக்கும் வைத்தேனாம். அம்மன் சத்தியமாக இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். ஒரே குழந்தை, ஒரு விரல் நுனி, அதோடு போன ஒரு சொட்டு. சிரிப்பில் எதை விட்டாலும் விடுங்கள், பெற்றவளை நான் கேட்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.