நரியின் போன் பூட்டு

ஒரு காட்டில், டவர் நன்றாகக் கிடைக்கிற ஓடைப் பக்கமாக, ஒரு கோழி தன் ஒரே குஞ்சோடு வாழ்ந்து வந்தது. ஒருநாள் குஞ்சைக் காணவில்லை. அன்று மாலை நரி தன் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டது. தட்டில் குஞ்சு, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. காடே பார்த்தது. சிலர் இதயம்கூடப் போட்டார்கள். மறுநாள் ஸ்டேட்டஸ் தானாக மறைந்துவிட்டது.

கோழி அழுதுகொண்டே காவல் நிலையம் போனது. இன்ஸ்பெக்டர் கரடி நரியின் போனைப் பறிமுதல் செய்தது.

"பார்த்தவங்க சொல்றதெல்லாம் செல்லாதும்மா. படம் போனுக்குள்ள இருந்து வரணும். ஆய்வகத்துல மரங்கொத்தி சார் இருக்கார், பூட்டின போன்ல இருந்தும் எடுத்துடுவார்" என்று கோழியைத் தேற்றிவிட்டு, நரியிடம் பூட்டு எண்ணைக் கேட்டது.

"சொல்ல மாட்டேன் சார், அது என் உரிமை" என்றது நரி. பிறகு ரொம்பப் பணிவாக, "ஆனா ஈசியான நம்பர்தான். உங்கள மாதிரி புத்திசாலிக்கு ஒரு நிமிஷம் ஆகாது" என்றது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

உறையில் போட்டு சீல் வைக்கும் முன், கரடி ஒரே ஒரு எண்ணை மட்டும் அழுத்திப் பார்த்தது. திறக்கவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் கழுதை சீலைப் பிரித்து, தானும் ஒன்று அழுத்திப் பார்த்து, புது சீல் வைத்தது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோன மான் வழியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து ஒன்று. வாசல் காவலாளி ஆமை, நிதானமாக, ஒன்று. ஆதார அறைப் பெருச்சாளி தன் கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்த்தது. நரி போனுக்கும் பெருச்சாளி கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக் கூடாது. எல்லாரும் ஒழுங்காக, "பெற்றுக்கொண்டேன், சேதமில்லை" என்று கைநாட்டு வைத்தார்கள்.

மரங்கொத்தி கருவிகளை விரித்து வைத்துக்கொண்டு உறையைத் திறந்தது. திரையில், "வணக்கம்! உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று வந்தது.

"பூட்டியிருந்தா எடுத்திருப்பேன்மா" என்றது மரங்கொத்தி, ஆய்வகத்துக்கே வந்து காத்திருந்த கோழியின் முகத்தைப் பார்க்காமல். "தப்புத் தப்பா அழுத்திட்டே இருந்தா இந்த போன் எல்லாத்தையும் தானே அழிச்சிடும். இப்ப இது புது போன்."

நீதிமன்றத்தில் சிங்கம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இவ்வளவு சுத்தமான போனைத் தான் கண்டதே இல்லை என்று பாராட்டி, நரியை விடுதலை செய்தது.

"நீங்க எல்லாரும்தானே என் குஞ்சைப் பார்த்தீங்க" என்று கோழி கூட்டத்திடம் கேட்டது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

சிங்கம் நரியைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே. அந்த நம்பர் என்னப்பா?"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. கோழி வெளியே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நீதி: குற்றம் செய்தவர்கள் ஆதாரத்தை அழிக்க மெனக்கெட வேண்டாம். பூட்டி, பூட்டு ரொம்ப ஈசி என்று சொல்லி, விசாரிப்பவர்களிடம் ஒப்படைத்தால் போதும்.